ஸ்பெயினில் விடுமுறை வீடு: பூட்டிவிட்டுக் கிளம்புமுன் செய்ய வேண்டியவை

ஸ்பெயினின் கடற்கரையோரம், அலிகாண்டே, மூர்சியா, மலாகா பக்கம் விடுமுறை வீடு வாங்கும் வெளிநாட்டவர்களில் பிரிட்டனில் இருப்பவர்கள் நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறார்கள். லண்டன் தமிழர்களும் அதில் உண்டு. ஆனால் 2021 ஜனவரி முதல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர் விசா இல்லாமல் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் நாடுகளில் தங்க முடியாது. அதாவது, ஆசைப்பட்டாலும் வருடத்தில் பாதி நாள் அந்த வீடு பூட்டியே கிடக்கும். பூட்டிய வீட்டுக்குள் புகுந்து குடியேறுபவர்களை அங்கே ஒகுபா என்கிறார்கள்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். ஸ்பெயின் முழுவதும் வருடத்துக்கு ஏறத்தாழ 15,000 முதல் 17,000 புகார்கள் பதிவாகின்றன. அதில் ஐந்தில் இரண்டு பங்கு கட்டலோனியாவில் மட்டும். வங்கிகள் கைப்பற்றி வெறுமனே போட்டு வைத்த வீடுகளும், கட்டி முடித்தும் விற்காத அடுக்கு மாடிகளும்தான் ஒகுபாக்களுக்கு முதல் குறி. சாமான்கள் நிறைந்த, ஆள் வந்துபோகிற விடுமுறை வீடு அவர்களுக்குச் சிக்கலான இடம். ஏன் சிக்கல் என்பது தெரிந்தால்தான் எதற்குக் காசு செலவழிக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தெரியும்.

சட்டம் கேட்கும் ஒரே கேள்வி

உங்கள் வீடு "மொராடா"வா, வெறும் கட்டடமா? எல்லாம் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. மொராடா என்றால் ஒருவர் தன் அந்தரங்க வாழ்க்கையை நடத்தும் இடம். அதற்குள் அத்துமீறிப் புகுவது ஸ்பெயின் தண்டனைச் சட்டத்தின் 202வது பிரிவில் வருகிறது: 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, வன்முறையோ மிரட்டலோ இருந்தால் 1 முதல் 4 வருடம். யாரும் வாழாத கட்டடத்துக்குள் வன்முறையில்லாமல் நுழைந்து தங்கினால் 245வது பிரிவு. தண்டனை 3 முதல் 6 மாதத்துக்கு நாள்வீத அபராதம் மட்டுமே. முதல் வகைக் குற்றம் கண்ணெதிரே நடக்கும்போது போலீஸ் நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் உள்ளே போய் ஆளை வெளியேற்றலாம். இரண்டாவது வகை என்றால் பெரும்பாலும் பெயரைக் குறித்துக்கொண்டு, "கோர்ட்டுக்குப் போங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

வருடத்தில் சில வாரம் மட்டும் தங்கும் வீடு எந்தப் பக்கம் சேரும் என்பதில் பல காலம் குழப்பம் இருந்தது. 2020 செப்டம்பரில் அரசு வழக்குத்தொடர்வுத் தலைமையகம் தன் வழக்கறிஞர்களுக்கு அனுப்பிய 1/2020 அறிவுறுத்தல், இரண்டாவது வீடும் மொராடாவாகலாம் என்றது. அதே ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 587/2020 என்ற தீர்ப்பில் அதை உறுதி செய்தது: ஒருவருக்கு இரண்டு மொராடா இருக்கலாம், உரிமையாளர் அப்போது உள்ளே இல்லை என்பதால் அது மொராடா இல்லையென்று ஆகிவிடாது. ஆனால் அந்த வீட்டில் வாழ்க்கை நடக்கிறது என்று காட்ட வேண்டும். சாமான்கள், மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, அவ்வப்போது வந்து தங்கியதற்கான அடையாளம் ஆகியவைதான் சாட்சி.

எனவே வீட்டைப் பாதுகாப்பது என்றால் பாதி வேலை இரும்பு, பாதி வேலை காகிதம். புதிதாக வீடு வாங்கியவர்கள் முழுக் காசையும் இரும்பில் கொட்டிவிடுகிறார்கள்.

48 மணி நேரம் என்கிற கதை

"48 மணி நேரம் கடந்துவிட்டால் போலீஸால் ஒன்றும் செய்ய முடியாது" என்று ஸ்பெயின்காரர்களே சொல்வார்கள். அப்படி ஒரு கெடு எந்தச் சட்டத்திலும் இல்லை. மொராடா என்றால், அவர்கள் உள்ளே தொடர்ந்து இருப்பதே குற்றம் தொடர்வதுதான். இருந்தும் இந்தக் கதைக்கு ஒரு வலு உண்டு: நாள் ஆக ஆக உள்ளே இருப்பவர் "நான் இங்கேதான் வாழ்கிறேன்" என்று காட்டப் பொருள் சேர்த்துக்கொள்வார். அந்த முகவரிக்கு வரவழைத்த பீட்சாவின் ரசீது, ஆன்லைனில் வாங்கிய பொருளின் அட்டைப்பெட்டி, பள்ளிக்கூடப் பையோடு ஒரு குழந்தை. வாசலில் வந்து நிற்கும் காவலருக்குச் சந்தேகம் வந்தால் அவர் உள்ளே கால் வைக்க மாட்டார், ஏனென்றால் ஸ்பெயின் அரசியல் சாசனத்தின் 18வது பிரிவு எந்தக் குடியிருப்பையும் உத்தரவின்றி நுழையக் கூடாத இடமாக்குகிறது. ஆகவே முதல் சில மணி நேரம்தான் உங்கள் கையில் இருக்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அந்த நேரத்தைச் சேமிக்கத்தான்.

வாங்கும் முன்பே

வீட்டைப் பார்க்க ஆகஸ்டில் போகாதீர்கள். நவம்பர் மாத வார நாள் ஒன்றில், இரவு எட்டு மணிக்கு மேல் அந்தக் கட்டடத்தின் எதிரே நின்று எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். நாற்பது வீட்டில் மூன்றில் மட்டும் வெளிச்சம் என்றால், குளிர்காலம் முழுக்க உங்கள் கதவை உடைக்கும் சத்தம் கேட்க ஆள் இல்லை என்று அர்த்தம். தரைத்தளம், தெருக்கோடியில் இருக்கும் வரிசை வீடு, பின்பக்கம் வெற்று மனையைப் பார்க்கும் மாடம் ஆகியவை கூடுதல் ஆபத்து. கட்டட நிர்வாகியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கே ஏற்கெனவே ஒகுபா இருக்கிற வீடு உண்டா? பராமரிப்புக் கட்டணம் கட்டாத வீடுகள் எத்தனை, அவற்றில் வங்கி வீடு எத்தனை? ஒரு வீட்டில் புகுந்தவர்கள் அதே படிக்கட்டில் அடுத்த காலி வீட்டை நோட்டமிடுவது சகஜம்.

கதவும் பூட்டும்

சாவி கைக்கு வந்த அன்றே சிலிண்டரை மாற்றுங்கள். பழைய உரிமையாளர், ஏஜென்ட், பெயின்டர், துப்புரவுக்காரர் என்று யார் யாரிடம் நகல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இது நீங்களே செய்யக்கூடிய வேலை. கதவைத் திறந்து அதன் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். பூட்டின் உலோகப் பட்டையில், சிலிண்டருக்கு நேராக ஒரு நீளமான எம்5 திருகு இருக்கும். அதைக் கழற்றி, சாவியைப் போட்டுச் சற்றே திருப்பி இழுத்தால் சிலிண்டர் முழுதாக வெளியே வரும். அந்தத் திருகுத் துளையின் நடுவிலிருந்து இரு முனை வரை தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். 30க்கு 40 மில்லிமீட்டர் என்பது போல இரண்டு எண் கிடைக்கும். எது வெளிப்பக்கம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், கடையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பழைய சிலிண்டரையே கையோடு எடுத்துப் போவது இன்னும் நல்லது. நடுவில் சுழலும் நாக்கின் நீளமும் மாடலுக்கு மாடல் வேறுபடும்.

வாங்கும் சிலிண்டர் தட்டித் திறப்பதற்கும், பிடித்து ஒடிப்பதற்கும், துளையிடுவதற்கும் தாங்குவதாக இருக்க வேண்டும்; ஈ.என் 1303 தரக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். வெளியே 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு விலை கொடுத்ததும் வீண்: இடுக்கியால் பிடித்து ஒடித்துவிடலாம். அதன்மேல் எஃகுக் கவசத் தட்டு ஒன்றைப் போடுங்கள், கதவின் உள்பக்கமிருந்து போல்ட் போட்டு முடுக்கும் வகையாக.

கதவையே மாற்றுவதானால் ஈ.என் 1627 தரத்தில் ஆர்.சி 3 போதும். அந்த வகைக் கதவு கடப்பாறை போன்ற கருவிக்கு 5 நிமிடம் தாங்கும் என்று சோதித்துச் சான்று கொடுக்கிறார்கள், ஆர்.சி 4 என்றால் மின் துளைப்பான், கோடரிக்கு 10 நிமிடம். பழைய செங்கல் சுவரில் நிலையைச் சரியாகப் பொருத்தாமல் ஆர்.சி 4 கதவு வாங்குவது காசைக் கரைப்பது. கதவு நிற்கும், நிலை பெயர்ந்து வரும். நிலையைச் சுவரோடு கட்டும் நங்கூர போல்ட்டுகளைப் பொருத்தும்போதே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இதையெல்லாம்விட அதிகம் நடக்கும் தவறு வேறு. கதவை இழுத்துச் சாத்திவிட்டு, பூட்டாமலே விமானம் ஏறிவிடுவது. நாக்கு மட்டும் விழுந்த கதவை ஒரு பிளாஸ்டிக் தகட்டை இடுக்கில் செருகி, சத்தமே இல்லாமல் திறந்துவிடலாம். சாவியைக் கடைசிச் சுற்று வரை திருப்பி, கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும்.

வாடகைக்குக் கிடைக்கும் துளையிட்ட எஃகுத் தகட்டுக் கதவைச் சிலர் பரிந்துரைப்பார்கள். வங்கிகள் காலி வீட்டுக்குப் போடுவது அது. குடும்பம் வந்துபோகும் வீட்டுக்கு வேண்டாம். உள்ளே ஆள் இல்லை என்று தெரு முழுக்கச் சொல்வது போலாகும். அதோடு, இது வாழும் வீடு என்று பிறகு நீங்கள் வாதாட வேண்டி வந்தால் அந்தத் தகடே உங்களுக்கு எதிராக நிற்கும்.

நோட்டம் பார்ப்பவர்கள் விடும் அடையாளம்

உள்ளே நுழைவதற்கு வாரக்கணக்கில் முன்பே வேவு பார்ப்பார்கள். கதவுக்கும் நிலைக்கும் இடையே, முழங்கால் உயரத்திலோ மேல் கீலுக்குப் பக்கத்திலோ, நகத்தளவு ஒளிபுகும் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகியிருப்பார்கள். அல்லது கதவிலிருந்து நிலைக்குப் பசையை மெல்லிய நூல் போல இழுத்து விட்டிருப்பார்கள். வெயில் சாய்வாக விழுந்தால்தான் அது கண்ணில் படும். சில நாள் கழித்து வந்து பார்க்கும்போது துண்டு அப்படியே இருந்தால், நூல் அறுபடாமல் இருந்தால், வீட்டுக்கு யாரும் வரவில்லை என்று முடிவு கட்டுவார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். கண்டால் படம் எடுத்துவிட்டு எடுத்துப் போட வேண்டும், பக்கத்து வீடுகளிலும் இருக்கிறதா பார்க்க வேண்டும், உள்ளூர் போலீஸிடம் சொல்ல வேண்டும்.

தபால் பெட்டி நிரம்பி வழிவதும் இதே சேதியைத்தான் சொல்கிறது. விளம்பரத் தாள் வேண்டாம் என்ற ஸ்பானிஷ் ஸ்டிக்கர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், ஒட்டிவிடுங்கள். மின்சாரம், தண்ணீர், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள். ரோலர் ஷட்டர் எல்லாவற்றையும் தரைவரை இறக்கிவிட்டுப் போவது பலரின் பழக்கம். தரைத்தளத்தில் அது தேவைதான், ஆனால் மேல்தளத்தில் ஒன்றிரண்டையாவது பாதி உயரத்தில் நிறுத்துங்கள். மோட்டார் ஷட்டர் என்றால் காலையில் ஏறி மாலையில் இறங்க நேரம் குறித்து வைக்கலாம். விளக்குக்கு டைமர் போடுவதானால் தினமும் ஒரே நிமிடத்தில் எரிந்து அணையாதபடி, நேரம் மாறி மாறி இயங்கும் வகையை வாங்குங்கள்.

வீட்டை விற்க நினைத்தாலும் பால்கனியில் விற்பனைப் பலகை தொங்கவிட வேண்டாம். ஏஜென்ட் கேட்டில் சாவிப் பெட்டி மாட்டுவதற்கும் சம்மதிக்காதீர்கள்.

மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்

மாதக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க மின் ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மேலே சொன்ன தீர்ப்பை நினைத்துப் பாருங்கள்: இணைப்பு உயிரோடு இருப்பது மொராடாவுக்கு முக்கிய அடையாளம். ஒப்பந்தத் திறனை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள், ரத்து செய்யாதீர்கள். தண்ணீர் ஒப்பந்தமும் அப்படியே; கிளம்பும்போது மெயின் வால்வை மூடினால் போதும்.

மின் இணைப்பால் இன்னொரு பயன் உண்டு, பலருக்குத் தெரியாதது. ஸ்பெயினில் வீட்டு மீட்டர்கள் ஸ்மார்ட் மீட்டர்களாகிவிட்டன. மணிவாரியாக எவ்வளவு செலவானது என்பதை வினியோக நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பில் அனுப்பும் நிறுவனம் வேறு, கம்பி வைத்திருக்கும் வினியோக நிறுவனம் வேறு: அலிகாண்டே, மூர்சியா பக்கம் பெரும்பாலும் ஐ-டே, மலாகாவிலும் கட்டலோனியாவிலும் பெரும்பாலும் இ-டிஸ்ட்ரிபூசியோன். பில்லில் 'ஈ.எஸ்' என்று தொடங்கும் நீண்ட இணைப்பு எண் இருக்கும். அதை வைத்துக் கணக்குத் திறந்துகொள்ளுங்கள். பூட்டிய வீட்டில் ரவுட்டரும் அலாரமும் மட்டும் ஓடினால் கோடு தட்டையாகப் போகும். திடீரென்று காலை ஏழு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் மேடு எழும்பினால் உள்ளே யாரோ சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள். இந்தத் தகவல் ஓரிரு நாள் தாமதமாக வரும், ஆகவே அலாரத்துக்கு மாற்றில்லை. ஆனால் நீங்கள் சம்பளம் கொடுக்கும் ஆள் உண்மையிலேயே வீட்டுக்குப் போய் வருகிறாரா என்று பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

அலாரம், கேமரா

கண்காணிப்பு மையத்தோடு இணைந்த அலாரம்தான் பயன். தானாகக் கத்தும் சைரனை ஜனவரி மாதத்து ஆளில்லாக் குடியிருப்பில் யார் கேட்பது? மையத்தோடு இணைக்கும் வீட்டு அலாரம் 2ஆம் தரமாக இருக்க வேண்டும், அனுமதி பெற்ற நிறுவனம்தான் பொருத்த வேண்டும். 2011ல் வந்த உள்துறை ஆணைப்படி, மையம் அலாரத்தைச் சரிபார்த்த பிறகுதான் போலீஸை அழைக்கலாம்: அடுத்தடுத்துப் பல சென்சார்கள் எழும்ப வேண்டும், அல்லது படமோ ஒலியோ வேண்டும். கதவில் ஒரே ஒரு சென்சார் மட்டும் வைத்த மலிவுப் பொட்டலத்தில் இந்தச் சரிபார்ப்பு நடக்காது, போலீஸும் வராது. ஆகவே வாசல் கதவுக்கு ஒன்று, நடைபாதைக்கும் கூடத்துக்கும் படம் எடுக்கும் அசைவு சென்சார்கள் என்று குறைந்தது மூன்று இடத்திலாவது கேளுங்கள். வைஃபையும் சிம் கார்டும் இரண்டும் இருக்க வேண்டும். அலைவரிசையை அடைக்கும் கருவியோடு வருபவர்கள் உண்டு. அடைப்பு ஏற்பட்டதுமே மையத்துக்கு எச்சரிக்கை போகுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டுக்குள் கேமரா வைப்பது உங்கள் இஷ்டம். அது தெருவையோ பொதுப் படிக்கட்டையோ பார்க்கக் கூடாது. தரவுப் பாதுகாப்பு அலுவலகம் அபராதம் போடும். அலாரத்தால் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் அந்தப் படத்தில் இருக்கும் நேர முத்திரை. பத்து நிமிடம் முன்பு கதவை உடைத்துக்கொண்டு வந்தவர் "மூன்று வாரமாக இங்கே இருக்கிறேன்" என்று சொன்னால் அது எடுபடாது.

ஒரு மனிதர் வேண்டும்

எல்லாக் கருவிக்கும் மேலே, இருபது நிமிடத்தில் வாசலுக்கு வந்து ஸ்பானிஷில் பேசக்கூடிய ஒருவர். வருடம் முழுக்க அங்கேயே வாழும் பக்கத்து வீட்டுக்காரர், கட்டடக் காவலாளி, அல்லது சாவி வைத்துப் பராமரிக்கும் நிறுவனம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் செய்ய வேண்டியவை: ஷட்டரை ஏற்றி ஜன்னலைத் திறப்பது, தபாலை எடுப்பது, கதவு இடுக்கைப் பார்ப்பது, வால்வைத் திறந்து எல்லாக் குழாயையும் கழிப்பறையையும் ஒருமுறை ஓடவிடுவது. கடைசி வேலை ஒகுபாவுக்காக அல்ல. வடிகால் வளைவில் தண்ணீர் வற்றினால் சாக்கடை நாற்றம் வீடெல்லாம் பரவும். ஒவ்வொரு முறையும் கூடத்தின் படம் ஒன்றைத் தேதியோடு அனுப்பச் சொல்லுங்கள். வீடு பயன்பாட்டில் இருப்பதற்கு அதுவும் சான்று.

கோப்பு ஒன்று தயாராக இருக்கட்டும்

பின்வருபவற்றை ஒரே கோப்பாக்கி, ஒரு நகல் கைப்பேசியில், ஒன்று அந்த மனிதரிடம், ஒன்று வக்கீலிடம் வைத்துவிடுங்கள்:

- கிரயப் பத்திரத்தின் நகல். கூடவே சொத்துப் பதிவகத்திலிருந்து எடுத்த நோட்டா சிம்ப்ளே. நம்மூர் வில்லங்கச் சான்றிதழ் மாதிரியான ஒரு சாரம். ஆன்லைனில் பத்துப் பன்னிரண்டு யூரோவுக்குக் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எடுங்கள், பழைய தேதியிட்டதைக் காவலர்கள் நம்பத் தயங்குவார்கள்.
- உங்கள் பாஸ்போர்ட், என்.ஐ.இ எண் (ஸ்பெயின் வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள எண்), கடைசி வீட்டு வரி ரசீது.
- கடைசி மூன்று மின், தண்ணீர் பில்கள்.
- ஒவ்வொரு அறையின் படம்: அலமாரியில் துணி, சமையலறையில் பாத்திரம், சுவரில் குடும்பப் படம். சாமான்களுக்குப் பட்டியல்.
- கடைசியாகத் தங்கிய விடுமுறைகளின் விமானச் சீட்டு, அந்த ஊர்க் கடை ரசீது.
- நடந்ததை விளக்கும் ஒரு பக்கம், ஸ்பானிஷில், தேதி மட்டும் காலியாக.

வக்கீலுக்கு வழக்கு நடத்தும் பவர் பத்திரத்தை, அங்கே இருக்கும்போதே நோட்டரியிடம் எழுதிவிடுவது நல்லது. சில பத்து யூரோ செலவு. லண்டனிலிருந்து செய்தால் நோட்டரி, வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு வைக்கும் அப்போஸ்தில் முத்திரை, மொழிபெயர்ப்பு என்று நாட்கள் போய்விடும், அதுவும் வீட்டுக்குள் ஆள் இருக்கும் நேரத்தில்.

காப்பீட்டில் வீட்டை "இரண்டாவது வீடு" என்றே அறிவியுங்கள். நிரந்தர வீடு என்று எழுதி மலிவாக வாங்கிய பாலிசி, இத்தனை நாள் ஆளில்லாமல் இருந்தால் செல்லாது என்ற வரியில் கவிழும். ஆக்கிரமிப்புக்குச் சட்டச் செலவு தருகிறதா, எவ்வளவு வரை என்பதையும் பாருங்கள்.

உள்ளே ஆள் புகுந்துவிட்டால்

1. 112ஐ லண்டனிலிருந்து அழுத்தினால் பிரிட்டனின் அவசர உதவிதான் எடுக்கும். ஸ்பெயினில் இருப்பவரைத்தான் அழைக்கச் சொல்ல வேண்டும்: 112, அல்லது நகரத்தில் தேசியப் போலீஸின் 091, சிற்றூரிலும் நாட்டுப்புறத்திலும் குவார்டியா சிவில் காவல் படையின் 062. உங்கள் கைப்பேசியில் அந்த ஊர்க் காவல் நிலையத்தின் சாதாரண எண்ணை +34 சேர்த்து முன்கூட்டியே பதிந்து வையுங்கள்.

2. சொல்லும் சொல்லில் கவனம். "காலி வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள்" என்று சொன்னால் காவலர் மனதில் அது 245வது பிரிவாகிவிடும். "என் மொராடாவுக்குள் புகுந்திருக்கிறார்கள், இது என் இரண்டாவது வீடு, என் சாமான்கள் உள்ளே இருக்கின்றன, கடைசியாக இன்ன மாதம் தங்கினேன், இப்போதுதான் நுழைந்தார்கள்" என்று சொல்ல வேண்டும். அயானமியென்டோ டே மொராடா என்ற குற்றப் பெயரைப் புகாரில் எழுதச் சொல்லுங்கள்.

3. உங்கள் ஆள் கோப்போடு வாசலில் நிற்கட்டும், காவலர் வருமுன் உள்ளே போக வேண்டாம். உடைந்த பூட்டு, வாசலில் நிற்கும் வண்டி எண், எத்தனை மணிக்குச் சத்தம் கேட்டது என்று பக்கத்து வீட்டார் சொல்வது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளட்டும்.

4. உள்ளே இருப்பவர் வாடகை ஒப்பந்தம் என்று ஒரு தாளை நீட்டலாம். போலி விளம்பரத்தில் ஏமாந்து யாருக்கோ முன்பணம் கட்டிய அப்பாவியாகவும் இருக்கலாம். அதில் கையெழுத்திட்ட "வீட்டுக்காரர்" பெயரும் நோட்டா சிம்ப்ளேயில் இருக்கும் பெயரும் ஒன்றல்ல என்று அங்கேயே காட்டுங்கள்.

5. போலீஸ் வெளியேற்றாவிட்டால், புகார் நகலோடு அன்றே வக்கீலிடம். 2025 ஏப்ரல் 3 முதல் இந்த இரண்டு குற்றங்களும் விரைவு விசாரணைப் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. 15 நாளுக்குள் விசாரணை என்பது சட்டம் வைத்த கெடு, கோர்ட்டின் வேலைப் பளு வேறு கதை. தீர்ப்புக்கு முன்பே வீட்டைத் திருப்பித் தரும் இடைக்கால உத்தரவையும் மனுவிலேயே கேட்கச் சொல்லுங்கள். சிவில் வழியும் உண்டு: 2018ன் 5வது சட்டப்படி தனிநபர் உரிமையாளர் "பெயர் தெரியாத குடியிருப்பாளர்கள்" மீதே வழக்குப் போடலாம், அவர்கள் 5 நாளுக்குள் உரிமைப் பத்திரம் காட்டாவிட்டால் வீட்டை ஒப்படைக்க நீதிபதி உத்தரவிடலாம். உடைமை பறிபோன ஒரு வருடத்துக்குள் இந்த வழக்கைப் போட்டாக வேண்டும்.

செய்யக் கூடாதவையும் இருக்கின்றன. கோபத்தில் நீங்களே கதவை உடைத்து நுழைவது, அவர்கள் வெளியே போயிருக்கும்போது பூட்டை மாற்றுவது, மிரட்டுவது ஆகியவை 172வது பிரிவின் கீழ் கட்டாயப்படுத்தல் குற்றமாகி, வீட்டுக்காரரே கூண்டில் நிற்க நேரிடும். மின்சாரத்தைத் துண்டிப்பதில் கோர்ட்டுக்குக் கோர்ட் தீர்ப்பு மாறுகிறது. வக்கீல் எழுத்தில் சொல்லாமல் அதில் கை வைக்காதீர்கள். திடகாத்திரமான ஆட்களை அனுப்பி "பேசி" காலி செய்துதரும் கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. அவர்கள் வரம்பு மீறினால் காசு கொடுத்து அமர்த்தியவர் பெயரும் வழக்கில் சேரும். ஒகுபா பணம் கேட்டு, வாங்கிக்கொண்டு போவதும் நடக்கிறது. கசப்பாக இருந்தாலும் மாதக்கணக்கில் இழுபறியோடு ஒப்பிட்டுச் சிலர் கொடுத்துவிடுகிறார்கள். கொடுப்பதென்று முடிவெடுத்தால் வக்கீல் முன்னிலையில், வீட்டை விட்டுப் போவதாகக் கையெழுத்து வாங்கி, சாமான்கள் வெளியேறி சாவி கைக்கு வந்த பிறகுதான் பணம்.

வாடகைக்கு விடுபவர்களுக்கு

வீடு சும்மா கிடப்பதற்குப் பதில் குளிர்காலத்தில் யாருக்காவது விடலாம் என்று தோன்றும். பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். குடியிருப்பவர் அதைத் தன் நிரந்தர வீடாக வைத்திருந்தால், தாளில் என்ன எழுதியிருந்தாலும் 1994 வாடகைச் சட்டப்படி அவர் 5 வருடம் வரை தங்கும் உரிமை கேட்கலாம். பருவகால ஒப்பந்தம் என்றால் அவர் எதற்காக வருகிறார், அவருடைய நிரந்தர முகவரி எங்கே என்பதற்குச் சான்றோடு எழுத வேண்டும். வாடகை கொடுக்காமல் உட்கார்ந்துவிட்ட வாடகைதாரரை வெளியேற்றுவது ஒகுபாவை வெளியேற்றுவதைவிடத் தாமதமாகலாம், ஏனென்றால் அவர் உள்ளே வந்தது உங்கள் சம்மதத்தோடு.

வீடு திரும்பக் கிடைத்த அன்று

பூட்டுக்காரர் போலீஸ் நிற்கும்போதே வந்து சிலிண்டரை மாற்ற வேண்டும். அன்று இரவு யாராவது உள்ளே படுத்துக்கொள்ளட்டும். அதே கும்பல் இரண்டாவது முறை முயல்வது அபூர்வமல்ல. எதையும் துடைப்பதற்கு முன் அறை அறையாகச் சேதத்தைப் படம் எடுத்துக் காப்பீட்டுக்கு அனுப்புங்கள். மீட்டருக்கு முன்னால் திருட்டு இணைப்பு கொடுத்திருக்கிறார்களா என்று எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். மின், தண்ணீர் ஒப்பந்தம் இடையில் வேறு பெயருக்கு மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். கடைசியாக நகராட்சி அலுவலகத்துக்கு ஒரு நடை. ஒகுபா உங்கள் முகவரியில் குடியிருப்புப் பதிவேட்டில் பெயர் சேர்த்திருக்கலாம். அந்தப் பதிவு யார் வீட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை, யார் அங்கே வாழ்கிறார் என்று மட்டும்தான் பார்க்கும். கோர்ட் உத்தரவின் நகலையும் பத்திரத்தையும் கொடுத்து, பெயரை நீக்கும்படி எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நீக்க மாதக்கணக்காகும், அதுவரை அந்த ரசீதும் கோப்பிலேயே இருக்கட்டும்.